சண்டை பிடிக்க ஓர் அறை

தனூஜனுக்கும் கஜானிக்கும் கலியாணமாகி ஆறு மாதமாகியும் ஒரு சண்டைகூட வரவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் "குடுத்து வைச்ச சோடி" என்று புகழ்ந்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை. சண்டை பிடிக்க இடமில்லை, அவ்வளவுதான்.

பாரிஸ் புறநகரான லா கூர்னெவ்வில் தனூஜனுடைய தமையன் வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் தமையனும் மனைவியும், மற்றதில் மூன்று பிள்ளைகள். புதுத் தம்பதிக்குச் சலோன், அதாவது முன்கூடம். அங்கே கிடந்த சோபாவை இழுத்தால் கட்டில், தள்ளினால் சோபா. தமையன் விடிய வேலைக்குப் போகுமுன் குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றப் போகவேண்டும். அதற்கு அந்தக் கட்டிலைச் சுற்றித்தான் வழி. ஒவ்வொரு நாளும் கட்டில் காலில் தன் கால்விரலை இடித்துக்கொண்டு, "நீங்கள் படுங்கோ, நீங்கள் படுங்கோ" என்று மன்னிப்புக் கேட்டபடி போவார். நல்ல மனுசன். அதுதான் பிரச்சினையே. கெட்ட மனுசனாக இருந்தால் அவரோடாவது சண்டை பிடித்திருக்கலாம்.

கஜானி ஒருமுறை குளியலறைக்குள் சண்டையைத் தொடங்கிப் பார்த்தாள். இரண்டாம் வசனத்தில் தமையனின் மகன் கதவைத் தட்டினான். இன்னொருமுறை ரயிலில் தொடங்கினாள். எதிரே இருந்த அம்மா, "பிள்ளை எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டு, கார் து நோர் நிலையம் வரும்வரை தன் மகளின் கலியாண வீட்டைச் சொல்லிக்கொண்டு வந்தாள். தமையன் மனைவியான மச்சாள் முன்னால் கறியில் உப்பில்லை என்று தனூஜன் சொன்னது, அவளுடைய பிறந்தநாளைத் தமையன் ஞாபகப்படுத்தியபிறகு அவன் ஞாபகம் வந்ததுபோல நடித்தது, இன்னும் பலதும் அவள் மனதில் ஒழுங்காக அடுக்கிக் கிடந்தன. எடுத்துப் போடத்தான் இடமில்லை.

சண்டை வராத அந்த வீட்டில் பேச்சும் குறைந்துகொண்டு வந்தது. இப்போதெல்லாம் கஜானி "ஓம்", "இல்லை", "பால் முடிஞ்சுது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். தனூஜனுக்கு அதுதான் பயம். இப்படியே போனால் ஒருநாள் பாலைப் பற்றியும் சொல்லமாட்டாள் என்று நினைத்தான்.

அவன் வேலை செய்த லா சப்பல் சாப்பாட்டுக் கடைக்குச் செவ்வாய்க்கிழமைகளில் சுப்ராயன் என்ற பெரியவர் தோசை சாப்பிட வருவார். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கோப்புப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் தனூஜனே தோசையைக் கொண்டுபோய் வைத்தபோது, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"மார்க்ஸ் டோர்மோய்ல ஆறாவது மாடியில எனக்கு ஒரு சின்ன ரூம் இருக்கு தம்பி. ஒம்பதே கால் சதுர மீட்டர். ஜன்னல் ஒண்ணு, கதவு ஒண்ணு."

"கதவு பூட்டலாமோ ஐயா?"

"பூட்டாம என்ன? ரெண்டு சுத்து பூட்டு. ஆனா அதுல ஒரு சங்கத்து சாமான் கெடக்கு. ரூம விட்டுட்டோம்னு அவங்க ஒரு லெத்தர் எழுதி, கையெழுத்து, முத்திரையோட குடுத்தா, அன்னிக்கே ஒனக்குத்தான் வாடகைக்கு. பேப்பர் இல்லாம நான் ஒண்ணும் செய்யமாட்டேன். வுவாலா."

அந்தச் சங்கத்தின் பெயர் பாரிஸ் சோவியத் இளந்தம்பதியர் திரைப்பட ஆய்வு வட்டம். சோவியத் காலத்தில் எடுத்த, இளம் புருசன் பெண்சாதியைப் பற்றிய படங்களை மட்டும் பார்த்து ஆராய்வது அதன் நோக்கம். வேறு நாட்டுப் படம் பார்ப்பதில்லை. சோவியத் படமாக இருந்தாலும் அதில் போர் வந்தாலோ, தம்பதிக்கு வயது நாற்பதைத் தாண்டினாலோ பார்ப்பதில்லை. சோவியத் யூனியன் கலைந்த அதே மாதத்தில்தான் வட்டம் தொடங்கியது. "அவை கலைச்சுப்போட்டினம். அதுக்காக நாங்கள் தொடங்காமல் விடேலுமோ?" என்று தலைவர் இராஜதுரையர் ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் கேட்பார்.

வட்டத்தில் பத்தொன்பது பேர். பதினெட்டுப் பேர் நிர்வாகக் குழுவில் இருந்தார்கள். மிஞ்சிய ஒருவரைச் சாதாரண உறுப்பினராக வருடாவருடம் தேர்தல் வைத்துத் தெரிவு செய்தார்கள். அந்தப் பதவிக்குப் போட்டி அதிகம். இராஜதுரையர் கலியாணம் செய்யாதவர். ஆகவே குடும்ப வாழ்க்கையைப் பற்றி அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. செயலாளர் தில்லைநாயகி முப்பத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியவர். ஆகவே அவர் கூட்டங்களில் அதிகம் பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, ஒரு புடவைக் கடைக்கு மேலே இருந்த மண்டபத்தில் வட்டம் கூடும். தனூஜனுக்கும் கஜானிக்கும் வாரத்தில் சேர்ந்தாற்போல் கிடைக்கிற ஓய்வு அந்த ஞாயிறு பின்னேரம் மட்டும்தான். செவ்ரானில் வெதுப்பகத்தில் வேலை செய்யும் கஜானி மத்தியானம் முடிந்துதான் வருவாள். "ஒரே ஒருக்கால் போய்ப் பாப்பம்" என்று கூட்டிக்கொண்டு போனான்.

மேசையில் சிவப்புத் துணி, அதன் மேல் ஒரு கண்ணாடிக் கூசாவில் தண்ணீர். தில்லைநாயகி முதலில் சென்ற வாரக் கூட்டக் குறிப்பை வாசித்தார்.

"படம் எண் பதினொன்றில் மாமியார் மருமகளின் கடிதத்தைப் பிரித்து வாசித்தார். வட்டம் மாமியாரை வன்மையாகக் கண்டித்தது. உறுப்பினர் இஞ்ஞாசியரின் குடை காணாமல் போனது. வட்டம் கவலை தெரிவித்தது. பெடியன் வேலையை விட்டதால், அவனுக்குப் புத்திமதி சொல்லிக் கடிதம் எழுதத் தீர்மானிக்கப்பட்டது."

எந்தப் பெடியன் என்று தனூஜன் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டான். படத்தில் வருகிற பெடியன்தான் என்றார் அவர். திரையில் நடப்பதும் வாழ்க்கையில் நடப்பதும் ஒன்றே, பதிவேட்டில் வேறுபாடு காட்டக்கூடாது என்பது வட்டத்தின் யாப்பில் நாலாம் விதி. இராஜதுரையர் தன் கையாலேயே எழுதிய விதி. வட்டத்திடம் இருந்த பத்தொன்பது படங்களுக்கும் எண்தான், பெயர் கிடையாது. தலைப்பை வாசிக்க ஆளில்லை.

தனூஜன் எழும்பி நின்று தன் நிலைமையைச் சொன்னான். இராஜதுரையர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"தம்பி, அறையில்லாத இளந்தம்பதியின்ரை வேதனை எங்களுக்குத் தெரியாததோ? முப்பது வருசத்துக்கு மேலையா நாங்கள் அதுக்குத்தானே அழுதுகொண்டிருக்கிறம்! ஆனால் அந்த அறையிலை எங்கடை ஆவணக் காப்பகம் கிடக்கு. வீடில்லாத சனத்தைப் பற்றின படங்களுக்கே வீடில்லாமல் போனால், பிறகு அந்தச் சனத்தை நினைச்சு ஆர் அழுறது? யோசிச்சுப் பாரும்."

தனூஜன் யோசித்துப் பார்த்தான். எங்கேயோ பிழை இருந்தது, எங்கே என்று பிடிபடவில்லை. காப்பகம் என்பது ஓடாத புரொஜெக்டர் ஒன்றும், நடக்காத ஒரு பெருவிழாவுக்காக வாங்கிய நாற்பது மடக்குக் கதிரைகளும் என்று அவனுக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

உறுப்பினர்கள்தான் விண்ணப்பிக்கலாம் என்றார்கள்; இரண்டு பேரும் உறுப்பினரானார்கள். ஐந்து படம் பார்க்கவேண்டும் என்றார்கள். முதல் நாளையும் சேர்த்து ஐந்து ஞாயிறு போனது. படங்களுக்கு வசன வரி போடுவதில்லை. வாசித்து விளங்கினால் கண்ணீர் பிந்தி வருகிறதாம். பதிலுக்கு, அந்தக் காலத்தில் மொஸ்கோவில் படித்த இஞ்ஞாசியர் மைக்கைப் பிடித்துக்கொண்டு உடனுக்குடன் தமிழில் சொல்வார். யார் யார் அழுதார்கள் என்று தில்லைநாயகி ஒரு கொப்பியில் குறித்துக்கொள்வார்.

மூன்றாம் ஞாயிறே தனூஜன் ஒன்றைக் கவனித்தான். திரையில் பெட்டை மூன்று நிமிடம் மூச்சுவிடாமல் பேசினால் இஞ்ஞாசியர், "எனக்கு விருப்பமில்லை" என்று ஒரே வசனத்தில் முடித்தார். பெடியன் ஒன்றும் பேசாமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றால் நாலு நிமிடம் மொழிபெயர்த்தார். சபை அப்போதுதான் கூடுதலாக அழுதது. ரஷ்ய மொழி அப்படிப்பட்டதாக்கும் என்று தனூஜன் நினைத்துக்கொண்டான்.

அடுத்து, நேரில் பார்த்து அறிக்கை தர ஐந்து பேர் கொண்ட உபகுழு லா கூர்னெவ்வுக்கு வந்தது. வந்தவர்கள் சோபாவில் வரிசையாக இருந்தார்கள். மச்சாள் றோல்சும் தேத்தண்ணியும் கொடுத்தாள். இராஜதுரையர் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"திரைச்சீலை எங்கை?"

"என்ன திரைச்சீலை ஐயா?"

"கட்டிலை மறைச்சுக் கட்டுற திரைச்சீலை. எங்கடை படங்களிலை பெரும்பாலும் ஒரு கயிறு, அதிலை ஒரு திரைச்சீலை, அதுக்கு அங்காலை மாமி இருமிக்கொண்டு படுத்திருப்பா. இஞ்சை ஒண்டும் இல்லையே! சரி, உங்கடை மச்சாள் உங்களைக் கொடுமைப்படுத்துறவவோ?"

றோல்ஸ் தட்டோடு மச்சாள் பக்கத்திலேயே நின்றாள். "இல்லை ஐயா, அவ எங்களுக்குத் தாய் மாதிரி" என்றாள் கஜானி.

இராஜதுரையர் பெருமூச்சு விட்டு, "குறைபாடு" என்று குறித்துக்கொண்டு, இன்னொரு றோல்ஸ் எடுத்தார்.

அடுத்த ஞாயிறு அறிக்கை வாசிக்கப்பட்டது. தம்பதியர் எட்டு மாதமாகச் சண்டை பிடிக்கவில்லை. ஆகவே அவர்களிடையே நெருக்கடி இல்லை. ஆகவே அறை தேவையில்லை.

"ஐயா, அறை இல்லாதபடியால்தான் நாங்கள் சண்டை பிடிக்கேலாமல் கிடக்கு" என்றான் தனூஜன்.

"சண்டை இல்லாமல் எப்பிடித் தம்பி அறை தாறது? நாளைக்கு வேறை ஆரும் கேட்டால் நாங்கள் என்ன பதில் சொல்லுறது?"

"சண்டைக்கு அறை வேணும் ஐயா."

"அறைக்குச் சண்டை வேணும் தம்பி." இராஜதுரையர் தண்ணீர் குடித்தார். "வட்டம் கல்நெஞ்சம் இல்லை. இப்ப இஞ்சை ஒருக்கால் பிடிச்சுக் காட்டுங்கோ. திருப்தியா இருந்தால் மறுபரிசீலனை செய்வம்."

மேசைக்கு முன்னால் இரண்டு கதிரை போட்டார்கள். ஊரெல்லாம் பார்த்திருக்க, கஜானி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "நீங்கள் மச்சாளுக்கு முன்னாலை கறியிலை உப்பில்லை எண்டு சொன்னது எனக்குக் கவலையாக் கிடந்தது" என்றாள்.

"மன்னிச்சுக்கொள்ளும்" என்றான் தனூஜன்.

சண்டை முடிந்துவிட்டது. சபை ஏமாற்றத்தோடு முணுமுணுத்தது.

"உயிரில்லை" என்றார் இராஜதுரையர். "பிள்ளை, யன்னல் பக்கம் திரும்பி நில்லும். மூன்றாம் படத்திலை அப்பிடித்தான். வெளியிலை பனி கொட்டுது எண்டு நினையும். தம்பி, நீர் ஒரு கோப்பையை உடையும். ஆனால் மண்டபத்துக் கோப்பை வேண்டாம்."

கஜானி யன்னல் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்துவிட்டது. கலையால் வந்த கண்ணீர் இல்லை, வெட்கத்தால் வந்தது. தில்லைநாயகி அதைக் கொப்பியில் குறிக்கவில்லை. பேனையை மூடி வைத்தார்.

படியால் இறங்கும்போது கஜானி மெதுவாகச் சொன்னாள். "வாரத்திலை ஞாயிறு பின்னேரம் ஒண்டுதான் எங்களுக்கு இருந்தது. அதையும் தூக்கி இவையளுக்குக் குடுத்திட்டியள். இனி நான் வரேல்லை."

சுற்றிவரச் சனம் நின்றபடியால் அதையும் சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். தனூஜனால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் தனியாக ரயிலுக்குப் போனாள். அவன் தெருவோரத்தில் நின்றான்.

பின்னால் வந்த இஞ்ஞாசியர் அவன் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தார்.

"தம்பி, உமக்கு ரஷ்ய மொழி தெரியுமோ?"

"இல்லை அண்ணை."

"எனக்கும் தெரியாது."

தனூஜன் தேத்தண்ணியைக் கீழே வைத்தான்.

"மொஸ்கோவிலை எட்டு மாசம் இருந்தனான். அதிலை ஆறு மாசம் சளிக்காய்ச்சலோடை ஆசுப்பத்திரியிலை. எனக்குத் தெரிஞ்ச ரஷ்யன் எல்லாம் மருந்துப் பேர். திரும்பி வந்து சொல்ல வெட்கமாக் கிடந்தது. பிறகு இராஜதுரை மைக்கைத் தந்திட்டான்."

"அப்ப இவ்வளவு காலமும் நீங்கள் சொன்னதெல்லாம்?"

"என்ரை மனுசி செத்துப் பதின்மூன்று வருசம். அவ இருக்கேக்கை சொல்லாமல் விட்டதுகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறன்." இஞ்ஞாசியர் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "சரி, அதை விடும். வாற ஞாயிறு பதினேழாம் படம். பிள்ளையை எப்பிடியாவது கூட்டிக்கொண்டு வாரும். இப்ப என்னட்டைச் சொல்லும் பாப்பம், அவ உம்மோடை என்னத்துக்கெல்லாம் கோபம் எண்டு."

"அவ சொன்னால்தானே அண்ணை எனக்குத் தெரியும்!"

"அதுவும் சரிதான்" என்றார் இஞ்ஞாசியர். "அப்ப நானே யோசிக்கிறன்."

கடைசித் தடவை என்று கெஞ்சித்தான் தனூஜன் அவளைக் கூட்டி வந்தான். கஜானி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்குக் கிட்டவே இருந்தாள்.

பதினேழாம் படத்தில் ஒரு பெடியனும் பெட்டையும் வீடு கேட்டு ஒரு குழுவுக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். மேசையில் சிவப்புத் துணி, அதன் மேல் கண்ணாடிக் கூசாவில் தண்ணீர். மேசைக்குப் பின்னால் கோட்டுப் போட்ட பெரிய மனுசர்கள். திரைக்கு இந்தப் பக்கமும் அதே மேசை, அதே கூசா. தனூஜன் கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பெட்டை பேசத் தொடங்கினாள். இஞ்ஞாசியர் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"எட்டு மாசமா நான் மெதுவாத்தான் கதைக்கிறன். நான் மெதுவாக் கதைக்கிற பொம்பிளை இல்லை. எங்கடை வீட்டிலை நான் கதைச்சால் நாலு வளவுக்குக் கேக்கும். எனக்கு இவரோடை சண்டை பிடிக்கவேணும். விட்டிட்டுப் போறதுக்கில்லை, இவரோடையே இருக்கிறதுக்குத்தான். மனசிலை கிடக்கிறதைக் கொட்டாமல் ஒரு ஆளோடை எப்பிடி இருக்கிறது? பெரிய வீடு வேண்டாம். ஒன்பதே கால் சதுர மீட்டர் காணும். கதவு பூட்டுப்பட்டால் சரி."

கஜானி மெல்லத் திரும்பித் தனூஜனைப் பார்த்தாள். எட்டு மாதத்தில் அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

திரையில் இருந்த தலைவர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். முத்திரை குத்திய தாளை நீட்டினார். பெட்டை முகத்தைப் பொத்திக்கொண்டாள். படம் முடிந்து விளக்குப் போட்டபோது மண்டபத்தில் அழாத ஆளில்லை. இராஜதுரையர் எழும்பினார்.

"இவங்கள் மனுசரோ?" என்று திரையைக் காட்டிக் கத்தினார். "சிவப்புத் துணியும் விரிச்சு, தண்ணியும் குடிச்சுக்கொண்டு, அந்தப் பிள்ளையின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டே இல்லை எண்டு சொல்லுறாங்கள்! விண்ணப்பமாம், அறிக்கையாம்! ஒன்பதே கால் சதுர மீட்டர்! ஒரு மூலையைக் குடுக்க மனமில்லாதவங்களுக்கு என்ன குழு, என்ன தலைவர்? நான் அந்தக் கதிரையிலை இருந்திருந்தால், அண்டைக்கே திறப்பைத் தூக்கிக் குடுத்திருப்பன்!"

இதைச் சொல்லிவிட்டுத் தன் கதிரையில் இருந்து, தண்ணீர் குடித்தார்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தில்லைநாயகி எழுதியதை வாசித்தார்: "ஒன்பதே கால் சதுர மீட்டர் அறையை அந்த இளந்தம்பதிக்கு உடனடியாகக் கொடுக்கவேண்டும் என்று வட்டம் தீர்மானித்தது."

"படத்திலை வாற தம்பதி எண்டு போடவோ ஐயா?" என்று கேட்டார்.

"நாலாம் விதி இருக்கு!" என்று உறுமினார் இராஜதுரையர். கையெழுத்து வைத்தார். முத்திரையை இரண்டு தரம் குத்தினார், கோபத்தில்.

தில்லைநாயகி பதிவேட்டிலிருந்து பிரதியைக் கிழித்தெடுத்து, நாலாக மடித்துத் தனூஜன் கையில் வைத்தார். "சுப்ராயனிட்டைக் கொண்டுபோய்க் குடும். ஒண்டும் விளக்கப்படுத்தாதேயும்."

செவ்வாய்க்கிழமை, தோசையோடு அந்தத் தாளும் மேசைக்குப் போனது. சுப்ராயன் மூக்குக்கண்ணாடியை மாட்டி மூன்று தரம் வாசித்தார். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கையெழுத்து இருக்கு, முத்திரை ரெண்டு இருக்கு. இந்த மாதிரி சுத்தமான பேப்பர் நான் ஆபீஸ்லகூட பாத்ததில்ல தம்பி" என்று சாவியைக் கொடுத்தார்.

விசயம் கேள்விப்பட்டு இராஜதுரையர் சுப்ராயன் வீட்டுக்கு ஓடினார். "இது உங்க கையெழுத்துதானே முசியே?" என்று சுப்ராயன் கேட்டார். அது படத்துத் தம்பதிக்கு எழுதியது என்று சொல்ல இராஜதுரையர் வாயைத் திறந்தார். சொன்னால் நாலாம் விதி போய்விடும். நாலாம் விதி போனால் முப்பது வருடக் கடிதங்களும் கண்டனங்களும் எங்கே போவது? வாயை மூடினார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, "ஓம், நாங்கள்தான் குடுத்தனாங்கள்" என்றார். அறை கையளிக்கும் விழாவில் முக்கால் மணி நேரம் பேசினார். உண்மையாகவே அழுதார். புரொஜெக்டரை வீட்டுக்குக் கொண்டுபோனார். நாற்பது கதிரைகளுக்கும் இடம் கிடைக்கும்வரை ஆறாம் மாடி நடைபாதையில் அடுக்கி வைத்தார்கள்.

முதல் ஞாயிறு பின்னேரம் கஜானி கதவைப் பூட்டினாள். இரண்டு சுற்று. யன்னலைச் சாத்தினாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தனூஜனைப் பார்த்தாள்.

"உப்பில்லையோ?" என்று தொடங்கினாள்.

தனூஜன் விலகி நிற்கப் பார்த்தான். ஒன்பதே கால் சதுர மீட்டரில் விலக இடமில்லை. கறியில் தொடங்கி, பிறந்தநாளுக்குப் போய், தமையனின் கால்விரலைத் தொட்டு, ஏழு ஞாயிற்றுக்கிழமைகளையும் எண்ணி எண்ணிக் கேட்டாள். அவனும் விடவில்லை. கலியாணத்துக்கு அடுத்த நாளே அவள் தாயோடு இரண்டரை மணி நேரம் போனில் இருந்ததைச் சொன்னான். நடுவில் எங்கேயோ "நீங்கள்" போய் "நீ" வந்தது. அவள் "நீ" என்றபோது அவனுக்கு உடம்பெல்லாம் ஒருவித சுகமாக இருந்தது. நாலு வளவுக்குக் கேட்கும் குரல் என்று இஞ்ஞாசியர் கற்பனையில் சொன்னது அப்படியே உண்மை.

அப்போது கதவுக்கு வெளியே யாரோ மூக்குச் சிந்தினார்கள்.

கஜானி போய்த் திறந்தாள். நடைபாதையில் மடக்குக் கதிரைகள் வரிசையாக விரித்திருந்தன. வட்டம் முழுவதும் இருந்தது. முன்வரிசையில் இராஜதுரையர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தில்லைநாயகி கொப்பியைத் திறக்காமல் மடியில் வைத்திருந்தார். இஞ்ஞாசியர் கையைக் கட்டிக்கொண்டு, "எனக்கு இண்டைக்கு வேலையில்லைப் பிள்ளை. எல்லாம் விளங்குது" என்றார்.

"கதவைச் சாத்துங்கோ பிள்ளை, நீங்கள் தொடருங்கோ" என்றார் இராஜதுரையர். "பாக்கிறதுக்கு இல்லை, நாங்கள் கேக்கத்தான் வந்தனாங்கள். இது பத்தொன்பது படத்தையும் விட நல்லாக் கிடக்கு."

கஜானி கதவைச் சாத்தினாள். இரண்டு சுற்று. தனூஜனின் காதுக்குள் வாயை வைத்து இரகசியமாக ஏதோ சொன்னாள். அவன் சிரிப்பை அடக்கமுடியாமல் தலையணையில் முகத்தை அமத்தினான்.

"இஞ்ஞாசி, சத்தம் நிண்டுட்டுது" என்று வெளியே இராஜதுரையரின் குரல் கேட்டது. "பெட்டை என்ன சொல்லுறாள்?"

இஞ்ஞாசியர் தொண்டையைச் செருமினார். இந்த முறை மைக் இல்லை.

"இவ்வளவு பேரும் உடனை எழும்பி வீட்டை போங்கோ எண்டு சொல்லுறாள்."

தன் வாழ்நாளில் முதல் தடவையாக அவர் ஒரு வசனத்தைச் சரியாக மொழிபெயர்த்திருந்தார். பிறகு கதிரைகள் ஒவ்வொன்றாக மடிகிற சத்தம் கேட்டது. ஆறு மாடிப் படிகளிலும் காலடிகள் இறங்கி அடங்கும்வரை கஜானி பொறுத்திருந்தாள்.

"சரி," என்று தலைமயிரை அள்ளி முடிந்துகொண்டு சொன்னாள். "எங்கை விட்டனான்?"